உதயதீபனின் தலைமுடி

ஒரு பெண் தன் ஆயுளில் ஒரே ஒரு ஆண்மகனின் உயிருக்காகத்தான் உள்ளம் உருகி, உணவு மறந்து, கால் நோக நடந்து தெய்வத்திடம் மன்றாடுகிறாள். அப்படி மன்றாடி மீட்ட உயிரை அவளிடமிருந்து காலமும் பிரிக்காது, கடலும் பிரிக்காது. கடலூரில் உதவித் தலைமை ஆசிரியையாக இருக்கும் மலர்க்கொடியின் வாழ்க்கையே இதற்குச் சான்று. என்ன ஒன்று, அந்த ஆண்மகன் அவளுடைய கணவன் இல்லை. மூன்று படங்களில் கதாநாயகனாகவும், பிறகு எத்தனையோ படங்களில் கதாநாயகிக்கு அண்ணனாகவும் வந்து போன நடிகர் உதயதீபன். உணவு மறந்தாள் என்பதும் காலைப் பலகாரத்தோடு சரி. மன்றாடிவிட்டுத் திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கடையில் பரோட்டா சாப்பிட்டாள்.

அது தொண்ணூற்று நான்காம் வருடம். மலர்க்கொடி பத்தாம் வகுப்பு. உதயதீபனின் முதல் இரண்டு படங்கள் வந்து ஊரே அவருடைய தலைமுடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம். நடிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச ஒன்றும் இல்லை. ஆனால் அந்த முடி! நெற்றியில் பாதியை மறைத்து விழும். வசனம் முடிந்ததும் கழுத்தை ஒரு வெட்டு வெட்டுவார்; முடி எழும்பி, யோசித்து, மறுபடி அதே இடத்தில் வந்து உட்காரும். மஞ்சக்குப்பத்துச் சலூன்களில் 'உதயதீபன் கட்டிங்' என்று எழுதிப் போட்டிருந்தார்கள். பையன்களெல்லாம் கழுத்து சுளுக்கிக்கொண்டு திரிந்தார்கள். மலர்க்கொடியின் வீட்டு பீரோ கதவின் உட்பக்கத்தில், வாரப் பத்திரிகையின் நடுப்பக்கத்திலிருந்து பெயர்த்த உதயதீபன் பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தார். பாவாடை எடுக்கும் சாக்கில் ஒரு நாளைக்குப் பத்து முறை பீரோவைத் திறப்பாள். "இந்தப் பொண்ணுக்கு எந்நேரமும் துணி மடிக்கிற வேலதான்" என்று அவளுடைய அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பேப்பரில் கொட்டை எழுத்தில் செய்தி வந்தது: 'படப்பிடிப்பில் குதிரையிலிருந்து விழுந்தார் உதயதீபன். உயிருக்குப் போராட்டம்.'

அடுத்த சனிக்கிழமை, ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு, மலர்க்கொடியும் அவள் சிநேகிதி அறிவுமதியும் செருப்பைக் கழற்றிப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரிலிருந்து திருவந்திபுரத்துக்கு நடந்தார்கள். பக்கத்திலேயே பாடலீஸ்வரர் இருக்க, ஏன் திருவந்திபுரம்? அதற்குக் காரணம் இருந்தது. தேவநாதப் பெருமாள் கோயிலுக்கு எதிர்மலையில் ஹயக்ரீவர் இருக்கிறார். குதிரை முகம். குதிரையால் வந்த வினையைக் குதிரை முகச் சாமியிடம்தானே முறையிட வேண்டும்? ஊரில் மற்ற பிள்ளைகள் படிப்பு வருவதற்காகப் படியேறும் அந்தச் சந்நிதியில், இந்த இரண்டும் போய் நின்று மூக்கை உறிஞ்சின.

"உன் முடியத் தர்றேன்னு வேண்டிக்கடி. கீழதான் மொட்டை போடுறாங்க" என்றாள் அறிவுமதி.

"லூசா நீ? அவரு பொழச்சி வந்து பாக்கச்சொல்ல நான் மொட்டையா நிக்கணுமா?"

"அப்ப இன்னா தருவ?"

மலர்க்கொடி யோசித்தாள். "அவரு முடியவே தர்றேன்."

இதில் இருவருக்கும் ஒரு குற்றமும் தெரியவில்லை. நம் பக்கத்தில் பிள்ளையின் முடியை அம்மா வேண்டிக்கொள்கிறாள், புருஷன் முடியைப் பெண்டாட்டி வேண்டிக்கொள்கிறாள். தலைக்கு உரியவனை யார் கேட்கிறார்கள்? மலர்க்கொடி தன்னை எந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள் என்பதை மட்டும் சாமியிடம் விளக்கவில்லை.

உதயதீபன் பிழைத்தார். ஆறேழு மாதத்தில் மூன்றாவது படமும் வந்தது. முடி முன்னைவிட அடர்த்தியாக இருந்தது. பழைய டவுன் தியேட்டரில், பெண்கள் பக்கத்து மர பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தாள். மழைப் பாட்டில் நனைந்த முடியை அவர் கோதிவிடும்போது, 'இது சாமிக்குச் சேர வேண்டியது' என்ற நினைப்பு வந்து உறுத்தியது. சாமி இருக்கட்டும், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளும் என்று முடிவு செய்தாள்.

சாமி பொறுத்தது. மலர்க்கொடி கல்லூரி முடித்தாள், மின்வாரியத்தில் பொறியாளரான செந்தமிழ்செல்வனைக் கல்யாணம் செய்துகொண்டாள், அறிவியல் ஆசிரியை ஆனாள், சுவேதாவைப் பெற்றாள். அம்மா வீட்டு பீரோவில் இருந்த உதயதீபன் 'தானே' புயலில் கூரைத் தகடு பறந்த இரவோடு நனைந்து உரிந்து போனார். இடது கண் மட்டும் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுக்க மலர்க்கொடி யாரையும் விடவில்லை.

வினை சுவேதாவின் கல்யாணப் பேச்சில் வந்து நின்றது. முதல் வரன் ஜாதகம் பொருந்தி, மாப்பிள்ளைக்குத்தான் பொருந்தாமல் போனது. இரண்டாவது வரன் வீட்டார் வந்து, கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, 'போய் போன் பண்றோம்' என்று போனவர்கள்தான். மூன்றாவது, பூ வைக்கும் தேதிவரை வந்து கலைந்தது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் சுவேதா இதற்கெல்லாம் நன்றாகத் தூங்கினாள். அவளுடைய பாட்டி, அதாவது மலர்க்கொடியின் மாமியார் சின்னம்மாள், தூங்கவில்லை. கீரப்பாளையத்தில் குறி சொல்லும் அம்மாவிடம் போய் வந்தார்.

"நம்ம வூட்டு முடிக்காணிக்க ஒண்ணு பெருமாளுக்குப் பாக்கி நிக்குதாம். வேண்டிக்கிட்டவங்க வாயத் தொறக்காம இருக்காங்களாம். யாருன்னு சொல்லிடுங்க" என்று கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டார்.

'நான் இல்லை' என்று எல்லோரும் கைவிரித்தார்கள். மலர்க்கொடி மட்டும், இதெல்லாம் அறிவியலுக்குப் புறம்பானது என்று ஒரு சிற்றுரை ஆற்றினாள். பள்ளியில் ஆண்டுதோறும் 'மூடநம்பிக்கையும் மாணவரும்' என்று பேசுகிறவள் அவள்தான், பேச்சு மனப்பாடம். பேசி முடித்துவிட்டு உள்ளே போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

ஆள் தெரியாததால் வயது வரிசைப்படி தீர்த்துவிடுவது என்று சின்னம்மாள் முடிவெடுத்தார். முதலில் தன் தலையைக் கொடுத்தார். பலனில்லை. பிறகு மூத்த மகன். அதற்கும் பலனில்லை. போன வெள்ளிக்கிழமை செந்தமிழ்செல்வன் திருவந்திபுரம் போய், சந்தனம் அப்பிய மொட்டைத் தலையோடு வந்து, பெண்டாட்டி முன் குனிந்து நின்றார்.

"நல்லா இருக்குதா?"

"ம்."

"சின்ன வயசுல நான்தான் ஏதாச்சும் வேண்டிக்கிட்டு மறந்துட்டேன் போல" என்றார் அந்த நல்ல மனிதர்.

மலர்க்கொடிக்கு நெஞ்சில் ஏதோ குத்தியது. வரிசையில் அடுத்த தலை தன்னுடையது என்பதும் சேர்ந்து குத்தியது.

இந்த நிலைமையில்தான் நாத்தனாரின் கணவர் தட்சிணாமூர்த்தி வந்தார். சிதம்பரத்தில் கீழ வீதியில் பட்டு ஜவுளிக்கடை திறக்கிறார். மச்சானின் மொட்டையைப் பார்த்து மரியாதைக்குக்கூட ஆச்சரியப்படாமல் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, திறப்பு விழாவுக்கு நீதான் வரவேற்புரை. தமிழ் உனக்கு நல்லா வரும்."

"நான் சயின்ஸ் டீச்சர்ண்ணே."

"அதையும் தமிழ்லதான நடத்துற? சினிமா ஆளு ஒருத்தர் வந்து ரிப்பன் வெட்டுறாரு. பெரிய ஹீரோயினத்தான் கேட்டேன். சரிப்பட்டு வரல. கடேசில உதயதீபன்தான் ஒத்துக்கிட்டாரு."

அன்றைக்கு அறிவுமதிக்கு முதல் போன் போனது. அறிவுமதி தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிறாள். எதிரே மனுவோடு ஆள் நிற்கும்போதுதான் நிதானமாகப் பேசுவாள்.

"வர்றாருடி."

"யாரு, மாப்பிள வூட்டுக்காரங்களா?"

"உதயதீபன். சிதம்பரத்துக்கு."

தாழ்ந்த குரலில் அறிவுமதி கேட்டாள்: "முடி இருக்குதா?"

பேனரில் இருந்தது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கீழ வீதிவரை பேனர்கள். 'தென்னகத்தின் வசீகரச் சக்கரவர்த்தியே வருக' என்று எழுதி, நடுவில் தட்சிணாமூர்த்தி கைகூப்பி ஆளுயரத்துக்கு நின்றார். அவர் தோளுக்கு மேலே, பாஸ்போர்ட் அளவுக்குச் சற்றுப் பெரிதாகத் தொண்ணூற்று மூன்றாம் வருடத்து உதயதீபன். கீழே வரிசையாக மாமன் மச்சான்கள் முகங்கள். செந்தமிழ்செல்வன் அதில் இன்னும் முடியோடு இருந்தார். மொட்டைக்கு முன்பே அச்சுக்குப் போய்விட்டது.

"ஒரு கொத்து போதும்டி. பெருமாள் இன்னா எடை போட்டா பாக்கப் போறாரு?" என்றாள் அறிவுமதி. மலர்க்கொடியின் கைப்பையில் நகம் வெட்டும் சிறிய கத்தரிக்கோல் இருந்தது. மயில்கழுத்து நிறப் பட்டு, தலை நிறைய மல்லிகை, பத்தாம் வகுப்புப் பின்னலின் நீளத்துக்குச் சரிக்கட்ட ஒரு சவுரி. கண்ணாடியில் பார்த்தபோது வேண்டுதலை நிறைவேற்றப் போகிறவள் போலத் தெரியவில்லை. அறிவுமதியும் அதைச் சொன்னாள், வேறு சொற்களில்.

ஒன்பது மணி விழாவுக்குச் சக்கரவர்த்தி பதினொன்றரைக்கு எழுந்தருளினார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, சட்டைக்கு முன்னால் வந்துகொண்டிருக்கும் வயிறு. முகத்தில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தது. முடி மட்டும் அப்படியே, அதே நெற்றியில், அதே பாதியை மறைத்து விழுந்திருந்தது. மலர்க்கொடி வரவேற்புரைத் தாளோடு பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள்.

கூட்டத்தில் ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள்: "யாரு இவரு?"

"ஹீரோயினுக்கு அண்ணனா வந்து இன்டர்வெல்லுல செத்துப்போவாரே, அவரு" என்றாள் இன்னொருத்தி.

வரவேற்புரையில் மலர்க்கொடி, 'எங்கள் இளமையின் ஏடுகளில் பொன்னெழுத்தாய்ப் பதிந்தவரே' என்று தொடங்கியபோது மைக் கூவியது. சரிசெய்து மறுபடி தொடங்கியபோது பொன்னெழுத்து கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தது. சுருக்கமாக முடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மேடையின் முன்வரிசை நாற்காலிகளைத் தட்சிணாமூர்த்தியின் பங்காளிகள் பிடித்திருந்ததால் அவளுக்கு இரண்டாம் வரிசை, நேராக உதயதீபனின் பின்னந்தலைக்குப் பின்னால். பெருமாள் போட்ட இடம். கைக்குட்டைக்குள் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டாள். கீழே கூட்டத்தின் முதல் வரிசையில் செந்தமிழ்செல்வனின் தலை வெயிலில் மின்னியது. பெண்டாட்டி பேசியதற்காக அவர் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவளுக்குள் இருந்த அறிவியல் ஆசிரியை விழித்தாள். மேடை ஓரத்தில் பெரிய ஃபேன் ஒன்று ஹோவென்று ஓடிக்கொண்டிருந்தது. தட்சிணாமூர்த்தியின் வேட்டி பறந்தது. பங்காளிகளின் துண்டு பறந்தது. அழைப்பிதழ்கள் பறந்தன. உதயதீபனின் தலையில் ஒரு முடிகூட அசையவில்லை.

யோசித்து முடிப்பதற்குள் மாலை வந்துவிட்டது. நான்கு பேர் தூக்கி வந்த ஆளுயரச் சம்பங்கி மாலை, ஜிகினா நூல் சுற்றியது. போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். பாரம் தாங்காமல் உடனே கழற்றச் சொன்னார். நான்கு பேரும் சேர்ந்து தலைக்கு மேலே தூக்கியபோது ஜிகினா நூல் பின்னால் முடியில் மாட்டிக்கொண்டது. தூக்கினார்கள். பின்னந்தலை முடி, சோற்றுப் பானையின் மூடி ஆவியில் எழும்புவது போல, மெல்ல எழும்பியது. அடியில் வெள்ளை நாடாவும், அதற்கடியில் வழவழவென்று தலையும் மலர்க்கொடிக்கு மட்டும் தெரிந்தன. உதயதீபனின் கழுத்து விறைத்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் கீழ வீதிக்கே தெரிந்துவிடும்.

மலர்க்கொடி எழுந்தாள். இடது உள்ளங்கையை அவருடைய உச்சியில் வைத்து அழுத்தினாள். வலது கையில் தயாராக இருந்த கத்தரிக்கோலால் ஜிகினா நூலை நறுக்கினாள். மாலை தனியே போனது. முடி இருந்த இடத்தில் இருந்தது. அவள் கை மட்டும் கொஞ்ச நேரம் தலைமேலேயே இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

கூட்டத்துக்கு என்ன தெரிந்ததோ, கைதட்டியது. தட்சிணாமூர்த்தி மைக்கைப் பிடித்து, "டீச்சரம்மா நம்ம ஸ்டாருக்கு ஆசீர்வாதம் பண்றாங்க" என்று அறிவித்தார்.

ரிப்பன் வெட்டி, முதல் புடவை விற்று முடிந்ததும் மாடியிலிருந்து ஆள் வந்தது. சார் டீச்சரைக் கூப்பிடுகிறார். கூடவே வந்த அறிவுமதியை நாத்தனார் கையைப் பிடித்துச் சாப்பாட்டுப் பந்திக்கு இழுத்துப் போய்விட்டாள். புடவைக் கட்டுகள் அடுக்கிய அறையில் உதயதீபன் தனியே, கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். கண் நன்றாகத்தான் இருந்தது. இடது கண்.

"ரொம்ப நன்றி டீச்சர். மானத்தக் காப்பாத்திட்டீங்க" என்றார். "ஒண்ணு கேக்கலாமா? பாராட்டிப் பேச வர்றவங்க கையில கத்தரி எதுக்கு?"

பொய் சொல்ல நினைத்தாள். வரவில்லை. முப்பது வருடமாக நினைத்து வைத்திருந்த எத்தனையோ முதல் வசனங்களில் ஒன்றும் வரவில்லை. பாடம் எடுக்கும் குரலில், குதிரை, பேப்பர், திருவந்திபுரம், கீரப்பாளையம், மாமியார், மொட்டைகள் என்று வரிசையாக ஒப்பித்தாள். உதயதீபன் இடையில் சிரிக்கவில்லை.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தொப்பி கழற்றுவது போல முடியைக் கழற்றி ஒரு புடவைப் பெட்டியின் மேல் வைத்தார்.

"எடுத்துக்கறீங்களா?"

மலர்க்கொடி அதையே பார்த்தாள். பெட்டிமேல் படுத்திருந்த அது, நெற்றி இல்லாமலும் அழகாகத்தான் விழுந்திருந்தது. "இது யாரு முடிங்க?"

"யாரு கண்டா. ஒரிஜினல் கோயில் முடின்னு சொன்னாங்க."

பெருமாள் வேண்டாமென்று ஏலம் விட்டதையே பெருமாளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதா? அவள் தலையை ஆட்டினாள். "உங்களுது எப்ப போச்சு?"

"அந்த வருஷம்தான். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து நாலு மாசத்துல கொத்துக் கொத்தா. மூணாவது படம் முழுக்க விக்குதான் டீச்சர். மழைப் பாட்டுல பசை விட்டுடுமோன்னு கையாலயே புடிச்சிக்கிட்டு ஆடுனேன். கோதிவிடுற மாதிரி இருக்கும்."

பழைய டவுன் தியேட்டரின் மர பெஞ்சு, மூன்று முறை உறுத்திய மழைப் பாட்டு, எல்லாம் மலர்க்கொடிக்கு ஞாபகம் வந்தன. அப்படியானால் சாமி பொறுத்துக்கொள்ளவே இல்லை. அவள் வேண்டிய கையோடு, வேண்டிய தலையிலேயே வந்து, கடைசி முடிவரை வசூலித்துக்கொண்டு போயிருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. உதயதீபன் அவளைப் பார்த்தார், பின்னலைப் பார்த்தார்.

"உங்களுக்கு அப்படியே இருக்கே முடி."

"பாதி சவுரிங்க."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் அவர் ஜன்னல் வழியாகக் கீழ வீதியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "வெறுங்காலோடவா நடந்தீங்க?"

"ஆமா. செருப்பு பைக்குள்ள இருந்தது."

"எனக்காக எங்க வீட்லகூட யாரும் எதுவும் வேண்டிக்கிட்டதில்ல டீச்சர்." முடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவள் கைநீட்டி, நெற்றியில் அது விழ வேண்டிய இடத்தில் சரியாக விழ வைத்தாள். இந்த உலகத்தில் அந்த இடம் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. "இவ்ளோ பண்ணியிருக்கீங்க. உங்ககிட்ட ஒண்ண மறைக்கக்கூடாது" என்று ஆரம்பித்தவர், மீதியைத் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மச்சானுக்கு ஒத்தாசையாகச் செந்தமிழ்செல்வன் கடையில் தங்கிவிட்டார். சிநேகிதிகள் இருவரும் கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்தார்கள். முட்லூர் தாண்டும்வரை அறிவுமதி பொறுத்திருந்ததே பெரிது.

"முடி கெடச்சுதா இல்லியா?"

"பாக்கியே இல்லடி. பெருமாள் அப்பவே எடுத்துக்கிட்டாரு." நடந்ததைச் சொன்னாள். அறிவுமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப உன் வூட்டுக்காரரு போட்ட மொட்டை?"

"அது வட்டி."

"மாமியாருகிட்ட?"

"வேண்டுதல் தீர்ந்துபோச்சின்னு மட்டும் சொல்லணும். யாரு வேண்டுதல்னு கேட்டா ஸ்கூல் கதை ஏதாச்சும் சொல்லிக்கலாம்."

வெளியே புதுச்சத்திரத்துச் சவுக்குத் தோப்புகள் ஓடின. திருவந்திபுரத்துக்கு நடந்த அந்தச் சனிக்கிழமையும் இப்படித்தான் காற்று அடித்தது. கெடிலம் ஆற்றில் தண்ணீர் இருந்தது. உள்ளங்காலில் முள் குத்தியபோது, அது உதயதீபனின் வலியில் ஒரு பங்கு என்று அவள் பிடுங்காமலே நடந்தாள். அறிவுமதிக்கும் அதே நினைவுதான் ஓடியிருக்க வேண்டும்.

"முள்ளோட நடந்தியே, பாவி" என்றாள். பிறகு, "உயிருக்குப் போராட்டம்னு அவ்ளோ பெருசா போட்டிருந்தானே. குதிரையிலேர்ந்து விழுந்ததுல எங்கடி அடியாம் அவருக்கு?"

"குதிரையில ஏறவே இல்லியாம். புரொடியூசர் அப்படிச் சொல்லச் சொன்னாராம்."

"அப்ப ஆஸ்பத்திரியில இருந்தது?"

மலர்க்கொடி கைக்குட்டையை மடித்தாள்.

"மூலத்துக்கு ஆபரேஷன்" என்றாள்.